தொண்டை திடீரென்று பூட்டிக்கொண்டால்

சாப்பிடும்போது எங்களுக்குப் புரையேறினால் அப்பத்தா ஓடிவந்து உச்சந்தலையில் நாலு தட்டு தட்டி, "யாரோ நெனைக்கிறாகய்யா" என்று சொல்லும். இருமல் அடங்கும், மிச்சச் சோற்றைச் சாப்பிடுவோம். அந்தப் புரையேறலில் உள்ளே நடப்பது என்ன என்று தெரிந்துவிட்டால் இங்கே நான் எழுதப்போவதில் பாதி புரிந்துவிடும். புரையேறும்போது ஒரு நொடி நடந்து முடிகிற அதே காரியம்தான் சிலருக்கு, வாயில் ஒரு பருக்கைகூட இல்லாத நேரத்தில், நடுராத்திரித் தூக்கத்தில், அரை நிமிடம் முக்கால் நிமிடம் என்று நீண்டு மூச்சே உள்ளே போகவிடாமல் செய்துவிடுகிறது. டாக்டர்கள் இதை லாரிங்கோஸ்பாசம் என்பார்கள். நான் குரல்வளை இறுக்கம் என்றே எழுதுகிறேன். எனக்கு அது ஐந்து வருடமாக இருக்கிறது.

முதல் தடவை வந்தது ஒரு வைகாசி ராத்திரி. செல்லூரில் வீடு, மொட்டைமாடியில் படுத்திருந்தோம். தூக்கத்திலிருந்து யாரோ பிடித்துத் தூக்கியது போல எழுந்து உட்கார்ந்தேன். மூச்சை இழுக்கிறேன், காற்று வரவில்லை. இன்னும் பலமாக இழுத்தால் தொண்டையிலிருந்து சேவல் கூவத் தொடங்கிப் பாதியில் நின்றது போல ஒரு சத்தம் மட்டும் வருகிறது. பேச முடியவில்லை. என் மனைவி பதறிப்போய் சொம்புத் தண்ணீரை வாயருகே கொண்டுவர, நான் அதைத் தட்டிவிட்டது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அப்புறம் எப்படித் திறந்ததோ, சட்டென்று காற்று உள்ளே போனது. உடம்பெல்லாம் வேர்த்து, கால் நடுங்கி, தொண்டை காந்திக்கொண்டிருந்தது. பத்து நிமிடம் அடைத்துக்கொண்டிருந்தது என்று நான் சத்தியம் செய்வேன். மனைவி ஒரு நிமிடம்கூட இருக்காது என்றார். அவர் சொன்னதுதான் சரி.

அந்த ராத்திரியே ஆட்டோ பிடித்து ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஈசிஜி எடுத்தார்கள், நன்றாக இருந்தது. மூக்கில் மூடியை வைத்துப் புகை மருந்து கொடுத்தார்கள். "பயம்தான், வேற ஒண்ணுமில்ல" என்று தூக்க மாத்திரை எழுதி அனுப்பிவிட்டார்கள். பயத்தினால் மூச்சு அடைக்கவில்லை, மூச்சு அடைத்ததனால்தான் பயந்தேன் என்று அப்போது எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அம்மாவோ ராத்திரியில் வந்து அமுக்கியது காத்துகருப்புதான் என்று விபூதி பூசி, பாண்டி கோயிலுக்குக் கூட்டிப் போனார். நானும் மனதாரக் கும்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். ஆனால் அடுத்த இரண்டு மாதத்தில் இன்னும் மூன்று தடவை வந்தது. அதன்பிறகுதான் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனேன். அவர் மூக்கு வழியாக மெல்லிய கேமரா குழாயை விட்டு, குரல்வளையைத் திரையில் காட்டினார். என் தொண்டையை நானே முதல்முறையாகப் பார்த்தது அன்றைக்குத்தான்.

சரி, உள்ளே என்ன இருக்கிறது? தொண்டைக்குக் கீழே வழி இரண்டாகப் பிரிகிறது. முன்னால் மூச்சுக்குழல், பின்னால் உணவுக்குழல். மூச்சுக்குழலின் வாசலில் குரல்வளை இருக்கிறது. கழுத்தின் முன்பக்கம் தடவினால் கெட்டியாகத் தட்டுப்படுமே, எச்சில் விழுங்கும்போது மேலே ஏறி இறங்குமே, அதுதான். அதற்குள் இரண்டு குரல் நாண்கள், ஆண்களுக்கு ஏறக்குறைய இரண்டு சென்டிமீட்டர் நீளம், பெண்களுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. நாண் என்றதும் வீணைக் கம்பியை நினைக்க வேண்டாம், இரட்டைக் கதவை நினைத்துக்கொள்ளுங்கள். மூச்சு விடும்போது முக்கோணமாகத் திறந்திருக்கும். பேசும்போது இரண்டும் நெருங்கி வந்து அதிரும். விழுங்கும்போது இறுக மூடிக்கொள்ளும்.

பேசுவதற்காகத்தான் அவை இருக்கின்றன என்று நாம் நினைக்கிறோம். முதல் வேலை அது இல்லை. சோறோ தண்ணீரோ நுரையீரலுக்குள் போய்விடாமல் காவல் காப்பதுதான் முதல் வேலை. குரல்வளையின் மேல்பகுதியில் நரம்பு நுனிகள் நிறைய இருக்கின்றன. ஒரு சொட்டுத் தண்ணீர் தப்பான பக்கம் வந்தாலும் அவை மூளைத்தண்டுக்குச் சொல்லும், அங்கிருந்து உடனே கதவை மூடச்சொல்லி உத்தரவு வரும். நம்மைக் கேட்டுக்கொண்டு நடப்பதில்லை இது. புரையேறலில் நடப்பது இவ்வளவுதான்: கதவு மூடுகிறது, இருமி வெளியே தள்ளுகிறோம், கதவு திறக்கிறது. குரல்வளை இறுக்கத்தில் மூடிய கதவு உடனே திறப்பதில்லை. காவல்காரன் ரொம்ப உஷாராகிவிட்டான் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஒன்றுமில்லாத சத்தத்துக்கும் தாழ்ப்பாள் போடுகிறான். நாண்களை மூடுவதற்குக் குரல்வளையில் பல தசைகள் உண்டு, திறப்பதற்கோ ஒரே ஒரு ஜோடித் தசைதான். இதை டாக்டர் சொன்னபோது எனக்கு ஒரு பக்கம் பயமாகவும் இன்னொரு பக்கம் ஆறுதலாகவும் இருந்தது, ஏனென்றால் என் உடம்பு என்னைக் கொல்லப் பார்க்கவில்லை, காப்பாற்றத்தான் அவசரப்படுகிறது என்று புரிந்தது.

காவல்காரன் ஏன் இப்படி உஷாராகிறான் என்பதற்குப் பல காரணம் இருக்கலாம். பெரிய சளிக் காய்ச்சலுக்குப் பிறகு தொண்டை நரம்புகள் சில வாரம், சில மாதம்கூடச் சிலிர்த்துப்போய் இருக்கும். மூக்கிலிருந்து பின்பக்கமாகச் சளி இறங்கிக்கொண்டே இருந்தால் வரலாம். நெடி, புகை, திடீர்க் குளிர்காற்று இவையெல்லாம் தூண்டும். கீழமாசி வீதிப் பக்கம் மிளகாய் வற்றல் மூட்டை இறக்கும் நேரத்தில் நடந்துபோனவர்களுக்கு அந்தக் கமறல் என்ன செய்யும் என்று தெரியும். எனக்கு அந்த இடத்தில் ஒரு தடவை வந்திருக்கிறது. கொசுவத்திச் சுருள், சாம்பிராணி, அடுப்படியில் வற்றல் கருகுகிற நெடி என்று ஒவ்வொருவருக்கும் ஒன்று இருக்கும். ஆனால் தூக்கத்தில் வருகிறவர்களுக்கு முதலில் சந்தேகப்பட வேண்டியது வயிற்றைத்தான்.

எதுக்களிப்பு என்று நாம் சொல்வோமே, அதுதான். உணவுக்குழல் வயிற்றில் சேருகிற இடத்தில் ஒரு தசை வளையம் உண்டு. அது தளர்ந்தால் அமிலம் மேலே ஏறும். சிலருக்கு நெஞ்சு கரிக்கும், புளித்த தண்ணீர் வாய்க்கு வரும். சிலருக்கு நெஞ்சு கரிக்கவே கரிக்காது, காலையில் தொண்டை கமறும், குரல் கட்டும், அடிக்கடி செருமத் தோன்றும், தொண்டையில் ஏதோ உருண்டை நிற்பது போல இருக்கும், அவ்வளவுதான். அமிலம் தொண்டைவரை வந்து குரல்வளையில் பட்டால் கதவு மூடுகிறது. அங்கே வராமல் உணவுக்குழலின் கீழ்ப்பகுதியைத் தீண்டினாலேகூட மூடலாம், ஏனென்றால் குரல்வளைக்கும் உணவுக்குழலுக்கும் வயிற்றுக்கும் போகிறது வேகஸ் என்கிற ஒரே நரம்புதான். மூளையிலிருந்து இறங்கி, தொண்டை, இதயம், நுரையீரல், குடல் என்று ஊரெல்லாம் சுற்றுகிற நரம்பு அது.

திரையில் என் குரல்வளையின் பின்பக்கம் சிவந்து தடித்திருந்தது. டாக்டர் கேட்ட முதல் கேள்வி, "ராத்திரி எத்தனை மணிக்குச் சாப்பிடுவீங்க?" நான் கடைக்காரன். பத்து மணிக்குக் கடையைச் சாத்தி, வரும் வழியில் நாலு பரோட்டா, மேலே சால்னா, சில நாள் கறிதோசை, பதினொன்றரைக்குப் படுக்கை. மதுரையில் பாதிப் பேர் இப்படித்தான் சாப்பிடுகிறோம், ராத்திரி ஒரு மணிக்கும் சூடாகக் கிடைக்கிற ஊர் இது. எண்ணெயும் கொழுப்பும் வயிற்றில் ரொம்ப நேரம் நிற்கும், அந்தத் தசை வளையத்தையும் தளர்த்தும், அதோடு போய் மட்டமல்லாந்து படுத்தால் அமிலம் ஏறுவதற்குப் படிக்கட்டுகூடத் தேவையில்லை.

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன். வந்துவிட்டால் அந்த நேரத்தில் என்ன செய்வது?

மூச்சை இழுக்காதீர்கள். படிக்கும்போது இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும், மூச்சுக்குத்தானே தவிக்கிறோம். ஆனால் இளநீரில் போட்டுத் தருகிற காகித ஸ்ட்ரா ஊறிப்போன பிறகு பலமாக உறிஞ்சிப் பார்த்திருக்கிறீர்களா? இரண்டு பக்கமும் ஒட்டிக்கொள்ளும், ஒரு சொட்டு வராது. மெதுவாக உறிஞ்சினால் வரும். குரல் நாண்களிலும் இதுதான் நடக்கிறது. வாயைத் திறந்து வெறிகொண்டு இழுக்க இழுக்க அவை இன்னும் இறுகி ஒட்டுகின்றன, பயத்தில் கழுத்துத் தசைகளும் சேர்ந்து இறுகுகின்றன. அதனால் நான் செய்வது இது. எழுந்து நேராக உட்காருவேன், தோளைக் கீழே விடுவேன். வாயை மூடுவேன். ஓரிரு நொடி இழுப்பதை அப்படியே நிறுத்திவிடுவேன். நெஞ்சில் மிச்சம் இருக்கிற காற்றை உதட்டைக் குவித்து, சூடான காப்பியை ஊதுவது போல, வருகிற அளவுக்கு வெளியே விடுவேன். பிறகு மூக்கால் மட்டும், மல்லிகைப் பூவை மோந்து பார்ப்பது போல, சின்னச் சின்னதாக இரண்டு மூன்று மோப்பம். மோப்பம் பிடிக்கும்போது குரல் நாண்கள் தாமாகவே நன்றாக விரியும், உடம்பின் இயல்பு அது, திறக்கிற அந்த ஒரு ஜோடித் தசைக்கு நாம் கொடுக்கக்கூடிய கைத்தாங்கல் அதுதான். திரும்பவும் உதட்டைக் குவித்து வெளியே விடுவேன், திரும்பவும் மோப்பம். கொஞ்சம் கொஞ்சமாகக் காற்று போகத் தொடங்கும். சிலர் ஒரு ஸ்ட்ராவை வாயில் வைத்து அதன் வழியாக மெதுவாக மூச்சு விடுவார்கள், அதுவும் இதே கணக்குதான், இழுப்பு தானாகவே மெதுவாகிவிடும். என் சட்டைப் பையில் எப்போதும் ஒன்று இருக்கும்.

இதை வந்த பிறகு கற்றுக்கொள்ள முடியாது. தினமும் காலையில் ஐந்து நிமிடம், மூச்சு நன்றாக இருக்கும்போதே பழக வேண்டும். நான் கல்லாவில் உட்கார்ந்துகூடச் செய்திருக்கிறேன். அப்போதுதான் ராத்திரி இரண்டு மணிக்குப் பாதித் தூக்கத்தில் உடம்புக்கு ஞாபகம் வரும். பேச்சுப் பயிற்சி நிபுணர்கள் இதை நேரில் உட்காரவைத்துச் சொல்லிக்கொடுப்பார்கள், எழுத்தில் படிப்பதைவிட அது பல மடங்கு நல்லது. பெரிய அரசு ஆஸ்பத்திரிகளில் காது மூக்கு தொண்டைப் பிரிவில் கேட்டாலே வழி சொல்வார்கள், மதுரையில் ராஜாஜி ஆஸ்பத்திரி இருக்கிறது.

காது மடலுக்குக் கீழே அமுக்கினால் திறந்துவிடும் என்று உங்களிடம் யாராவது சொல்லியிருக்கலாம். அது கைவைத்தியம் இல்லை. லார்சன் என்கிற மயக்க மருந்து டாக்டர் 1998-இல் எழுதிப் பரவலாகத் தெரியவந்த முறை. காது மடலுக்குப் பின்னால், தாடை எலும்புக்கும் காதுக்குப் பின்னிருக்கும் மேட்டெலும்புக்கும் நடுவில் ஒரு பள்ளம் இருக்கும், அதில் இரண்டு பக்கமும் விரலால் உள்நோக்கி அழுத்தி, தாடையை முன்னால் தள்ளுவது. ஆபரேஷன் தியேட்டரில், மயக்கத்திலிருந்து எழும் நோயாளிக்குக் குரல்வளை இறுகும்போது செய்வதற்காக எழுதப்பட்டது. உங்களுக்குச் சரிவருமா என்று டாக்டரிடம் கேட்டு, அவர் கைப்பட இடம் காட்டிய பிறகு செய்யுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கும் கொஞ்சம் சொல்ல வேண்டும், என் பார்வையில் பாதி வைத்தியம் அவர்களிடம்தான் இருக்கிறது. தண்ணீர் புகட்டாதீர்கள். இது ரொம்ப முக்கியம். மூச்சுக்குத் தவிக்கிறவர் வாயில் தண்ணீர் ஊற்றினால் அது போகக்கூடாத இடத்துக்குப் போகும், இறுக்கமும் கூடும். தலையில் தட்டாதீர்கள், முதுகில் குத்தாதீர்கள், சுற்றி நின்று கத்தாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, தாழ்ந்த குரலில் பேசுங்கள், போதும். என் மனைவி எண்ணுவார். "என்னங்க, இழுக்காதீங்க, நான் எண்ணுறேன்" என்று சொல்லிவிட்டு ஒண்ணு, ரெண்டு, மூணு என்று நிதானமாக எண்ணிக்கொண்டே போவார். இப்போதெல்லாம் முப்பதுக்குள் எப்படியும் திறக்கும் என்று எனக்குத் தெரியும், அதனால் அந்த எண்ணிக்கையைப் பிடித்துக்கொண்டே நான் காத்திருப்பேன்.

உயிர் போய்விடுமா என்றுதான் எல்லோரும் கேட்பார்கள், நானும் அதைத்தான் கேட்டேன். விழிப்போடு இருக்கிற, மற்றபடி ஆரோக்கியமான ஆளுக்கு இந்த இறுக்கம் பொதுவாக ஒரு நிமிடத்துக்குள் தானாகவே விட்டுவிடும். ஆனால் மூச்சு அடைக்கிற எல்லாமே இது இல்லை, இதைத்தான் குழப்பிக்கொள்ளக் கூடாது. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் திடீரென்று கழுத்தைப் பிடித்துக்கொண்டு, இருமவோ பேசவோ முடியாமல் நின்றால் உணவு சிக்கியிருக்கிறது என்று அர்த்தம், அங்கே மோப்பமும் எண்ணிக்கையும் உதவாது. குனியவைத்து தோள்பட்டைகளுக்கு நடுவே ஐந்து அடி, வரவில்லை என்றால் பின்னாலிருந்து கட்டிப்பிடித்துத் தொப்புளுக்கு மேலே உள்நோக்கி மேல்நோக்கி ஐந்து அழுத்து, இப்படி மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். உதடு, நாக்கு, முகம் வீங்கினாலோ உடம்பெல்லாம் தடித்து அரித்தாலோ அது ஒவ்வாமை, ஒரு நொடியும் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். ரத்த அழுத்தத்துக்கு ராமிப்ரில், எனலாப்ரில் போல "ப்ரில்" என்று முடியும் மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு, தடிப்பு அரிப்பு எதுவும் இல்லாமலே நாக்கும் தொண்டையும் வீங்குவதுண்டு, மாதக்கணக்காகச் சாப்பிட்ட பிறகுகூட. இறுக்கம் ஒரு நிமிடம் தாண்டியும் விடவில்லை, உதடு நீலம் பாய்கிறது, ஆள் மயங்குகிறார் என்றாலும் 108தான்.

ஆஸ்துமாவோடும் இதைக் குழப்பிக்கொள்வார்கள். ஆஸ்துமாவில் பெரும்பாலும் மூச்சை வெளியே விடும்போது நெஞ்சுக்குள் விசில் கேட்கும், மணிக்கணக்கில் இழுக்கும், இன்ஹேலர் அடித்தால் குறையும். இதில் உள்ளே இழுக்கும்போது கழுத்தில் சத்தம் கேட்கும், சட்டென்று வந்து சட்டென்று போகும், இன்ஹேலருக்கு அசையாது. வருடக்கணக்கில் ஆஸ்துமா மருந்து எடுத்தும் குறையவில்லை என்றால் ஒரு தடவை குரல்வளையைப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். மூச்சு இழுக்கும்போது திறக்க வேண்டிய நாண்கள் மாறி மூடிக்கொள்கிற கோளாறும் ஒன்று உண்டு. தைராய்டு ஆபரேஷன் முடிந்தவர்களுக்கு விரல் நுனியும் வாயைச் சுற்றியும் மதமதப்போடு தொண்டை இறுகினால் கால்சியம் குறைந்திருக்கலாம், அதற்கு அன்றைக்கே ஆஸ்பத்திரி போக வேண்டும். குரல் கட்டி மூன்று வாரமாகியும் தெளியவில்லை, விழுங்கச் சிரமம், எடை குறைகிறது, ரத்தம் வருகிறது என்றாலும் தள்ளிப்போடக் கூடாது, புகை பிடிக்கிறவர்கள் இன்னும் சீக்கிரம்.

எனக்குக் குறைந்தது எப்படி என்றால், பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை. ராத்திரிச் சாப்பாட்டை எட்டு மணிக்கு மாற்றினேன், கடைக்கே டிபன் கேரியர் வந்துவிடும். படுப்பதற்கும் சாப்பாட்டுக்கும் மூன்று மணி நேரம் இடைவெளி. கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் அடியில் இரண்டிரண்டு செங்கல், ஆறு அங்குலம் உயர்ந்துவிட்டது. தலையணையை அடுக்கினால் போதாதா என்று நானும் முதலில் அப்படித்தான் செய்தேன், அது கழுத்தை மடக்கி வயிற்றை இன்னும் அமுக்குமே தவிர உதவாது, மேல் உடம்பு மொத்தமும் சரிவாக ஏற வேண்டும். இடது பக்கம் ஒருக்களித்துப் படுப்பது நல்லது, வயிறு அமைந்திருக்கிற விதத்தால் அப்போது அமிலம் தசை வளையத்துக்குக் கீழே நிற்கும். டாக்டர் எழுதிக்கொடுத்த அமிலம் குறைக்கும் மாத்திரையைக் காலைச் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னால் போட்டேன். வெறும் வயிற்றில் இரண்டு டீ குடிக்கிற பழக்கத்தை விட்டேன், அதுதான் எனக்கு எல்லாவற்றிலும் கஷ்டமாக இருந்தது. பரோட்டாவை விடவில்லை, ஞாயிறு மத்தியானத்துக்கு மாற்றிவிட்டேன். தொண்டை குணமாக நாளாகும், ஒரு வாரத்தில் ஒன்றும் தெரியவில்லையே என்று விட்டுவிடாதீர்கள், எனக்கு இரண்டு மாதத்துக்கு மேல் ஆனது.

வேறு எதற்காக ஆபரேஷன் என்றாலும் மயக்க மருந்து டாக்டரிடம் இது இருப்பதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். கேட்கவில்லை என்று சும்மா இருக்கக் கூடாது.

இதையெல்லாம்விட நீளமாக இருந்தது பயம்தான். படுக்கப் பயந்து உட்கார்ந்தே விடிந்த ராத்திரிகள் உண்டு. பயமும் தூக்கமின்மையும் தொண்டையை இன்னும் இறுக்கும் என்பதும் உண்மை, ஆனால் அதனாலேயே "எல்லாம் மனசுதான்" என்று யாரும் சொன்னால் நம்ப வேண்டாம். எனக்கு உதவியது ஒரு நாற்பது பக்க நோட்டு. வந்த தேதி, நேரம், கடைசியாகச் சாப்பிட்டது என்ன, எத்தனை எண்ணும்வரை இருந்தது என்று எழுதுவேன். முதல் பக்கத்தில் நாற்பத்தைந்து, ஐம்பது என்று இருக்கும். டாக்டரிடம் போகும்போது அதையும், மனைவி ஒரு தடவை போனில் பிடித்து வைத்த சத்தத்தையும் கொண்டுபோனேன். நாம் அவர் முன்னால் நன்றாகத்தானே உட்கார்ந்திருப்போம், அந்தச் சத்தத்தைக் கேட்ட பிறகு அவர் மேற்கொண்டு கேள்வியே கேட்கவில்லை.

கடைசியாக வந்தது போன போகி அன்று. விடியும் முன்னே தெருமுனையில் டயரைக் கொளுத்திவிட்டார்கள், நான் வாசல் கதவைத் திறந்ததும் அந்தக் கரும்புகை நேராக முகத்தில் அடித்தது. படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். மனைவி கோலப்பொடிக் கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு, கதவைச் சாத்தி, பக்கத்தில் உட்கார்ந்து எண்ணத் தொடங்கினார். நோட்டில் இப்படி இருக்கிறது: போகி, காலை அஞ்சரை, டயர் புகை, பதினாலு.